பீடிப் புகைக்குக் காளானில் மருந்து உண்டா?

கார்டிசெப்ஸ், ரெய்ஷி என்னும் இரண்டு பெயர்கள் காளான் வளர்ப்போரிடையே இப்போது அதிகம் அடிபடுகின்றன. சிப்பிக் காளானைப் போல இவற்றை யாரும் குழம்புக்கு வாங்குவதில்லை. உலர்த்திப் பொடியாக்கி, மாத்திரை உறையில் அடைத்து, ‘மருத்துவக் காளான்’ என்று விற்கிறார்கள். விற்பவர்கள் சொல்லும் பலன்களின் பட்டியல் நீளமானது. அதில் அடிக்கடி இடம்பெறுவது நுரையீரல். பல ஆண்டுகள் பீடி, சிகரெட் பிடித்தவரின் நெஞ்சுப் புண்ணை ஆற்றும், சளியை அறுக்கும், மூச்சிரைப்பைப் போக்கும் என்கிறார்கள்.

இது மருத்துவப் பக்கத்துக்கு உரிய செய்தியாயிற்றே, வேளாண் பக்கத்தில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. இந்தப் பேச்சை நம்பிக் கடன் வாங்கிக் குளிர்சாதன அறை அமைக்கப் போகிறவர் விவசாயி. கிராமத்தில் பீடி பிடித்து இருமிக்கொண்டிருப்பவரும் அவரோ, அவருடைய அப்பாவோ, அண்ணனோ, வயலில் உடன் வேலை செய்பவரோதான். ஒரே விளம்பரம் ஒருவரின் பணத்தையும் இன்னொருவரின் மூச்சையும் சேர்த்துக் கேட்கிறது. ஆகவே ஆராய்ச்சி எதுவரை வந்திருக்கிறது, எங்கே நிற்கிறது என்பதை விவசாயிகளும் விரிவாக்கப் பணியாளர்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தக் காளான்களில் அழற்சியைத் தணிக்கும் பொருள்கள் இருப்பது உண்மை. அவை புகைப்பவரின் நுரையீரலைக் காக்கும் என்பது மனிதர்களிடம் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்கப்படாத ஒன்றை நம்பி முதலீடு செய்வதும், புகைப்பதை நிறுத்தாமல் தள்ளிப்போடுவதும் ஆபத்து.

புகை செய்யும் வேலை

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றில் குறைந்தது 69 புற்றுநோயை உண்டாக்குபவை. பீடியில் புகையிலை குறைவுதானே என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. ஆனால், பீடி இலையில் காற்று எளிதில் புகாது. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். அதனால் கார்பன் மோனாக்சைடும் தாரும் நிறையவே உள்ளே போகின்றன. 2016-17-இல் எடுக்கப்பட்ட உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 7.7 சதவீதம் பேர் பீடி பிடிக்கிறார்கள். சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம். புகை என்றால் நம் நாட்டில் முதலில் பீடிதான்.

இந்தப் புகை மூச்சுக்குழலின் உள்சுவரில் படும்போது, உடல் அதை எதிரியாகக் கருதி வெள்ளணுக்களை அனுப்புகிறது. அவை அழற்சியை உண்டாக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. ஒருமுறை நேர்ந்தால் அது ஆறிவிடும். நாளுக்கு இருபது முறை, முப்பது ஆண்டுகள் என்றால் ஆறுவதற்கு நேரமே இல்லை. குழாயின் சுவர் தடிக்கிறது, சளி பெருகுகிறது. வெள்ளணுக்கள் சுரக்கும் நொதிகள் காற்று நுண்ணறைகளின் சுவர்களையே அரிக்கின்றன. இப்படி அழிந்த நுண்ணறை மீண்டும் வளர்வதில்லை. இதுவே நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். விறகடுப்புப் புகையில் பல ஆண்டுகள் சமைத்த பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது.

அப்படியானால் அழற்சியைத் தணிக்கும் பொருள் ஒன்றைக் கொடுத்தால் நோய் நிற்காதா என்று ஆராய்ச்சியாளர்கள் எண்ணுவது இயல்பு. காளான்கள் இந்த இடத்தில்தான் வருகின்றன.

காளானில் இருப்பவை

கார்டிசெப்ஸ் என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு பூஞ்சைகள் விற்கப்படுகின்றன. ஒன்று, இமயமலையில் சுமார் 3,500 மீட்டருக்கு மேலே, மண்ணுக்குள் வாழும் அந்துப்பூச்சிப் புழுவைக் கொன்று அதன் தலையிலிருந்து முளைப்பது. உத்தராகண்ட் மாநிலத்தின் பித்தோராகட், சமோலி மலைக் கிராமங்களில் இதைக் ‘கீடா ஜடி’ என்கிறார்கள். பனி உருகும் பருவத்தில் ஊரே மலையேறிச் சேகரிக்கும். அளவுக்கு மீறிய சேகரிப்பால் அழிவை நோக்கிச் செல்லும் இனங்களின் பட்டியலில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020-இல் இதைச் சேர்த்தது. இதை நாம் சமவெளியில் வளர்க்க முடியாது.

மற்றொன்று கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ். ஆரஞ்சு நிறத்தில் விரல் போல வளரும். கண்ணாடிப் புட்டியில் வேகவைத்த அரிசியில் வளர்ப்பது இதைத்தான். இதிலிருந்து 1950-இல் பிரித்தெடுக்கப்பட்ட பொருள் கார்டிசெபின். நம் உடலில் இயல்பாக உள்ள அடினோசின் என்னும் பொருளின் சாயலில் இருப்பதால், செல்லுக்குள் நுழைந்து அழற்சிப் புரதங்கள் உருவாவதைக் குறைக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலும், எலிகளிலும் இது காட்டப்பட்டிருக்கிறது.

ரெய்ஷி என்பது ஜப்பானியப் பெயர். சீனர்கள் லிங்ஷி என்பார்கள். கேனோடெர்மா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. இதில் பீட்டா குளுக்கான் என்னும் சர்க்கரைச் சங்கிலிகளும், கசப்புத் தரும் கேனோடெரிக் அமிலங்களும் உள்ளன. இவையும் ஆய்வகச் செல்களில் அழற்சியைத் தணிக்கின்றன.

இந்த ஆய்வுகளைப் பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால், ஆய்வகத் தட்டில் நடப்பதற்கும் மனித உடலில் நடப்பதற்கும் இடையே தூரம் அதிகம். கார்டிசெபினையே எடுத்துக்கொள்வோம். அது இரத்தத்துக்குள் போனதும், அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதி அதை விரைவில் சிதைத்துவிடுகிறது. தட்டில் உள்ள செல்லுக்குக் கிடைத்த அளவு, பொடியைப் பாலில் கலந்து குடித்தவரின் நுரையீரலுக்குப் போய்ச் சேருமா என்பது தனிக் கேள்வி. நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்குக் கார்டிசெப்ஸ் தயாரிப்புகளைக் கொடுத்துச் சீனாவில் சில ஆய்வுகள் நடந்துள்ளன. அவை பெரும்பாலும் சிறியவை. வழக்கமான மருந்துடன் சேர்த்துக் கொடுக்கப்பட்டவை. ஆய்வு முறையில் குறைகள் உள்ளவை. சோதனைத் திடலில் ஒரு மேட்டில் மட்டும் விளைந்ததை வைத்து, மாநிலம் முழுவதற்கும் ஒரு ரகத்தைப் பரிந்துரைக்க வேளாண் துறை ஒப்புக்கொள்ளுமா? மருத்துவத்திலும் அதே அளவுகோல்தான்.

தென்னந்தோப்பில் பார்த்த பூஞ்சை

ரெய்ஷியின் உறவினரை நம் தென்னை விவசாயிகள் நெடுங்காலமாக அறிவார்கள். 1952-இல் புயலுக்குப் பின் தஞ்சாவூர்ப் பகுதியில் தென்னைகள் அடியிலிருந்து சாறு வடிந்து, மட்டைகள் தொங்கி, பட்டுப்போயின. தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர் பெற்ற அதற்குக் காரணம் கேனோடெர்மா பூஞ்சைதான். நோய் முற்றிய மரத்தின் அடியில் செம்பழுப்பு நிறத்தில், மேலே மெருகு பூசியது போல முளைக்கும் விசிறிக் காளான் அதன் அடையாளம்.

ரெய்ஷிக்கு நல்ல விலை என்று கேள்விப்பட்டு, பட்ட தென்னையின் அடியில் முளைத்ததை வெட்டி உலர்த்தி விற்கலாமா, கஷாயம் வைக்கலாமா என்று எவரேனும் கேட்டால், கூடாது என்றே சொல்ல வேண்டும். கேனோடெர்மாவில் இனங்கள் பல. வெளித்தோற்றத்தை வைத்துப் பிரித்தறிவது பூஞ்சை அறிஞர்களுக்கே கடினம். கிழக்காசியாவில் வளர்க்கப்படும் லிங்ஷி, நெடுங்காலம் அழைக்கப்பட்ட பெயரிலிருந்து வேறுபட்ட தனி இனம் என்று 2012-இல்தான் பெயரிடப்பட்டது. மேலும், மண்ணிலும் மரத்திலும் உள்ள காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களையும் காளான்கள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோப்பில் அதைக் கண்டால் நோய்த் தடுப்பு வேலையைத் தொடங்குவதே முறை. பட்ட மரத்தை வேருடன் அகற்றி அழித்து, சுற்றிலும் குழி வெட்டித் தனிமைப்படுத்தி, மற்ற மரங்களுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இட வேண்டும். தென்னந்தோப்பின் நடுவில் ரெய்ஷி வளர்ப்புக் கூடம் அமைக்க நினைப்பவர்களும், முதலில் பயிர் நோயியல் வல்லுநரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

எலியிலிருந்து மனிதர் வரை

பூஞ்சையிலிருந்து மருந்தே வராது என்று இந்தப் பக்கம் சொல்லவில்லை. 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்ட பெனிசிலின் பூஞ்சையிலிருந்து வந்தது. கொழுப்பைக் குறைக்க இன்று கோடிக்கணக்கானோர் சாப்பிடும் ஸ்டேட்டின் மாத்திரைகளும் அப்படியே. ஜப்பானின் அகிதா பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ, இரண்டு ஆண்டுகளில் 6,000-க்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்தார். கியோட்டோ நகரின் தானியக் கடை அரிசியிலிருந்து எடுத்த நீலப்பச்சைப் பூசணத்தில் முதல் ஸ்டேட்டினைக் கண்டார். பின்னர் வேறொரு பூஞ்சையிலிருந்து கிடைத்த லோவாஸ்டேட்டின், 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைச் சற்று மாற்றிச் செய்ததே சிம்வாஸ்டேட்டின்.

இந்தச் சிம்வாஸ்டேட்டினின் கதையை மருத்துவக் காளான் விற்பவர்களும் வாங்குபவர்களும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கொழுப்பைக் குறைப்பதோடு இது அழற்சியையும் தணிக்கும் என்று தெரிந்தது. சிகரெட் புகையை எலிகளுக்குச் செலுத்தி, கூடவே சிம்வாஸ்டேட்டின் கொடுத்ததில், எலிகளின் நுண்ணறைகள் அழிவது குறைந்தது. ஸ்டேட்டின் சாப்பிடும் நுரையீரல் நோயாளிகளுக்கு நோய் திடீரென முற்றுவது குறைவாக இருப்பதாக, மருத்துவமனைப் பதிவேடுகளைப் பார்த்தவர்களும் சொன்னார்கள். நம்பிக்கை பெருகியது.

பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் 45 மையங்களில், 885 நுரையீரல் அடைப்பு நோயாளிகளிடம் முறையான சோதனை நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு நாளும் 40 மில்லிகிராம் சிம்வாஸ்டேட்டின், மறுபாதிக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2014-இல் முடிவு வெளிவந்தது. நோய் முற்றியது மருந்து சாப்பிட்டோரிடம் ஒருவருக்கு ஆண்டுக்கு 1.36 முறை, வெற்று மாத்திரை சாப்பிட்டோரிடம் 1.39 முறை. வித்தியாசமே இல்லை. பயன் தெரியவில்லை என்று சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். கொழுப்புக்காகவோ இதயத்துக்காகவோ மருத்துவர் கொடுத்த ஸ்டேட்டினை யாரும் இதைப் படித்து நிறுத்திவிடக் கூடாது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. புகை அரித்த நுரையீரலைத்தான் அதனால் மீட்க முடியவில்லை.

பயனில்லாமல் போவது ஒருபுறம். கெடுதலாக முடிந்த கதையும் உண்டு. கேரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டின் புகைப்பவர்களை நுரையீரல் புற்றுநோயிலிருந்து காக்கும் என்று ஒரு காலத்தில் பலரும் நம்பினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் இது சோதிக்கப்பட்டது. 1994-இல் வந்த முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையிலும் புற்றுநோய் கூடவே, 1996-இல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். கேரட்டும் கீரையும் நல்ல உணவுதான். அதில் உள்ள ஒரு பொருளைத் தனியே பிரித்து, செறிவாக்கி, புகைப்பவருக்கு நாள்தோறும் கொடுத்தபோதுதான் விளைவு மாறியது. இயற்கையிலிருந்து வந்தது, ஆகவே தீங்கில்லை என்ற வாதம் அன்றே பொய்த்துவிட்டது.

கார்டிசெப்ஸும் ரெய்ஷியும் இப்போது நிற்பது எலிகள் நன்றாக இருந்த கட்டத்தில்தான். அடுத்த கட்டத்தில் அவை வெல்லலாம், தோற்கவும் செய்யலாம்.

சோதனையில் வென்றவை

அதே அளவுகோலில் வென்ற இயற்கைப் பொருளும் உண்டு. ஐரோப்பாவில் லேபர்னம் என்றொரு மரம், மஞ்சள் பூக்களைச் சரம் சரமாகத் தொங்கவிடும். நம் சரக்கொன்றையை ஆங்கிலத்தில் இந்தியன் லேபர்னம் என்று அழைத்தாலும், இது வேறு மரம். லேபர்னத்தின் விதை நஞ்சு. அதில் உள்ள சைட்டிசின் என்ற பொருளை அளவறிந்து மாத்திரையாக்கி, 1964 முதல் பல்கேரியாவில் புகைப்பழக்கத்தை விடுவதற்குக் கொடுத்து வந்தார்கள். போலந்தில் 740 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2011-இல் வந்தது. ஓராண்டுக்குப் பிறகும் புகைக்காமல் இருந்தவர்கள், சைட்டிசின் சாப்பிட்டோரில் 8.4 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்டோரில் 2.4 சதவீதம். பெரிய எண்ணிக்கை இல்லை என்று தோன்றலாம். ஆனால், மூன்று மடங்குக்கும் அதிகம்.

இந்த மருந்து நுரையீரலை ஆற்றவில்லை, புகையை விட உதவியது. நுரையீரலைக் காப்பாற்றுவதும் அதுதான். வட அமெரிக்காவில் 5,887 புகைப்பவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு எல்லோருக்கும் வயதாக ஆகக் குறையும். புகைப்பதைத் தொடர்ந்த ஆண்களுக்கு அது ஆண்டுக்கு 66 மில்லிலிட்டர் குறைந்தது. விட்ட ஆண்களுக்கு 30 மில்லிலிட்டர்தான் குறைந்தது. பெண்களிடமும் இதே போக்கு. மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து ஒன்றையும் அதே ஆய்வில் ஒரு பிரிவினருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் இந்தத் தேய்மானம் தடைபடவில்லை. நல்ல மருந்தாலும் ஆகாததைப் பீடியை அணைத்தது சாதித்தது.

ஏற்கெனவே அழிந்த நுண்ணறை திரும்பாது. மீதி இருப்பதைக் காக்க எந்த வயதிலும் முடியும். 60 வயதில் விட்டாலும் பயன் உண்டு. நிகோடின் சூயிங்கம், பூப்ரோபியான், வரெனிக்ளின் ஆகியவை உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்தலாம். புகையிலையை விட விரும்புவோர்க்கு மத்திய அரசு நடத்தும் இலவசத் தொலைபேசி ஆலோசனை எண் 1800-11-2356.

பணம் போடும் முன்பு

இனி விவசாயியின் பணத்துக்கு வருவோம். கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸுக்கு ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை தேவை. நம் சமவெளியில் இதற்கு இரவு பகலாகக் குளிர்சாதனம் ஓட வேண்டும். கிருமி நீக்கிய அறை, நேரம் வைத்த விளக்கு வெளிச்சம், ஏறக்குறைய இரண்டு மாதம் காத்திருப்பு. இவற்றோடு விற்பவர்கள் சொல்லாத தொல்லை ஒன்றும் உண்டு. இந்தப் பூஞ்சையின் தாய் வித்தைத் திரும்பத் திரும்பப் பெருக்கினால் வீரியம் குறைந்து, வெறும் வெள்ளை இழை மட்டும் படர்ந்து, காளான் முளைக்காமலே போகும். தரமான தாய் வித்தை யாரிடம், என்ன விலைக்கு, எத்தனை முறை வாங்க வேண்டியிருக்கும் என்பது வரவு செலவுக் கணக்கில் இல்லையென்றால் அந்தக் கணக்கு தவறு.

அடுத்து சந்தை. உள்ளூர்ச் சந்தையில் கூடையில் வைத்து விற்க முடியாத பொருள் இது. வாங்குபவர் ஒருவரோ இருவரோதான். பயிற்சிக் கட்டணம் வாங்கி, கருவியும் வித்தும் விற்று, விளைந்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்பவர்களிடம் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். திரும்ப வாங்கும் ஒப்பந்தம் எழுத்தில், முத்திரைத்தாளில் உண்டா? விலை, ஈரப்பதம், கார்டிசெபின் அளவு ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா? தரத்தைச் சோதிப்பது யார், அங்கீகாரம் பெற்ற ஆய்வகமா, வாங்குபவரே சொல்வதுதானா? ‘தரம் போதாது’ என்று திருப்பினால் சரக்கு யாருக்குச் சொந்தம், இழப்பு யாருடையது? முன்பு வளர்த்துக் கொடுத்த விவசாயிகள் மூன்று பேரையாவது நேரில் பார்த்துப் பேச முடியுமா? ஈமு கோழித் திட்டங்களில் பணத்தைத் தொலைத்தவர்கள் கொங்கு மண்டலத்தில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கத் தவறிய கேள்விகளும் இவையே.

சட்டமும் உண்டு. தானே பொடியாக்கிப் புட்டியில் அடைத்து விற்க முனைவோர்க்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும். உணவுத் துணைப்பொருளாக விற்றால், மருத்துவப் பயன்பாட்டுக்கானது அல்ல என்று முகப்புச் சீட்டில் அச்சிட வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆஸ்துமா உள்ளிட்ட பல நோய்களைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை, 1954-ஆம் ஆண்டின் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டமும் அதன் விதிகளும் தடுக்கின்றன. பெருநிறுவனம் எழுதிக் கொடுத்த வாசகத்தைத் தன் புட்டியில் ஒட்டிய சிறு விவசாயிதான் முதலில் அகப்படுவார்.

வாங்கிச் சாப்பிடுவோர்க்கும் ஒரு வார்த்தை. அரிசியோடு சேர்த்து அரைத்த பொடியில் காளானைவிட மாவு அதிகம் இருக்கலாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ரெய்ஷியை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ரெய்ஷிப் பொடி சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் உள்ளன. இன்ஹேலரை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறுவது எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து.

குடிலுக்குள் இருக்கும் நுரையீரல்

காளானையும் நுரையீரலையும் சேர்த்துப் பேசும்போது, வளர்ப்பவரின் சொந்த நுரையீரலை நாம் மறந்துவிடுகிறோம். காளான் முதிர்ந்ததும் குடையின் அடியிலிருந்து ஸ்போர் என்னும் நுண்துகள்கள் உதிர்கின்றன. சிப்பிக் காளான் இதில் எல்லாவற்றையும் மிஞ்சும். காலையில் குடிலைத் திறந்தால் விளக்கொளியில் புகை போல மிதப்பது அதுவே. இதை நாள்தோறும் சுவாசிக்கும் சிலருக்கு ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சி வரும். காளான் தொழிலாளர்களின் நுரையீரல் நோய் என்று 1959-லேயே மருத்துவ இதழில் எழுதப்பட்டது இது.

குடிலில் வேலை பார்த்த 4 முதல் 8 மணி நேரத்தில் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சிரைப்பு, உடல்வலி வரும். சளிக்காய்ச்சல் என்று நினைத்து விட்டுவிடுவோம். இரண்டு நாள் குடிலுக்குப் போகாவிட்டால் சரியாகும், போனால் திரும்ப வரும். இந்தக் குறி தெரிந்தால் மருத்துவரிடம் காளான் வளர்ப்பதைச் சொல்லிக் காட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் நிரந்தரமாகத் தழும்பேறும்.

தடுக்கும் வழிகள் எளியவை. சிப்பிக் காளானின் ஓரம் விரிந்து மேல்நோக்கிச் சுருளும் முன்பே அறுவடை செய்ய வேண்டும். அப்போது எடையும் விலையும் நன்றாக இருக்கும், ஸ்போரும் குறையும். அறுவடைக்கு முன் கதவையும் காற்றுத் திறப்புகளையும் சிறிது நேரம் திறந்து வைத்து, பிறகு நுழைய வேண்டும். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, என்-95 முகக்கவசம் அணிய வேண்டும். பழைய படுக்கைகளைப் பிரிக்கும்போதும், பூசணம் பிடித்த வைக்கோலைக் கையாளும்போதும் இது கட்டாயம். குடிலுக்குள் பீடி பிடிப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது.

விரிவாக்கப் பணியாளர்களிடம் எதிர்பார்ப்பது

மருத்துவக் காளான் பற்றிக் கேட்டு வரும் விவசாயியை, ஏமாற்று வேலை என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பினால் அவர் நேரே விற்பனையாளரிடம்தான் போவார். வளர்ப்பில் ஆர்வமுள்ளவரைச் சோலனில் உள்ள காளான் ஆராய்ச்சி இயக்குநரகம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவற்றின் பயிற்சிக்கு வழிகாட்டலாம். வருமானத்துக்காகத் தொடங்குபவருக்குச் சிப்பிக் காளானும், வெப்பம் தாங்கும் பால் காளானும் குறைந்த முதலீட்டில், உள்ளூர்ச் சந்தையை நம்பித் தொடங்கக் கூடியவை. 1943-இலேயே கோயம்புத்தூரில் வைக்கோல் காளான் வளர்த்துக் காட்டிய மரபு நம்முடையது. புரதமும் நார்ச்சத்தும் உள்ள இந்தக் காளான்களைச் சிறிது நேரம் வெயில் காட்டினால் வைட்டமின் டி-யும் சேரும். உணவு என்று சொல்லி விற்க இதைவிட வேறு பெருமை வேண்டாம்.

அரசும் செய்ய வேண்டியவை உள்ளன. மருத்துவக் காளானின் கார்டிசெபின் அளவையும் உலோகக் கலப்பையும் விவசாயி குறைந்த கட்டணத்தில் சோதித்துக்கொள்ளும் வசதி மண்டலத்துக்கு ஒன்றாவது வேண்டும். திரும்ப வாங்கும் ஒப்பந்த நிறுவனங்கள் மாவட்ட நிர்வாகத்திடம் பதிவு செய்த பிறகே பயிற்சி நடத்தலாம் என்ற விதி வர வேண்டும். காளான் பயிற்சியில் முகக்கவசமும் ஸ்போர் பாதுகாப்பும் ஒரு பாடமாக இருக்க வேண்டும். உழவர் விழாக்களில் மண் பரிசோதனைப் பந்தலுக்குப் பக்கத்தில், மூச்சை ஊதி நுரையீரலைச் சோதிக்கும் கருவியோடு சுகாதாரத் துறையினரும் ஒரு மேசை போடலாம். தன் மூச்சின் அளவை எண்ணாகப் பார்ப்பவருக்குப் பீடியைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியிருக்காது.

நாளைக்குக் கார்டிசெபினிலிருந்தோ வேறொரு பூஞ்சைப் பொருளிலிருந்தோ நல்ல நுரையீரல் மருந்து வரலாம். வந்தால் அதை முதலில் வரவேற்பவர்களில் இந்தப் பக்கமும் இருக்கும். அதுவரை, காளான் வளர்ப்பவர் அதை உணவாக நம்பி வளர்க்கட்டும், நுரையீரல் மருந்து என்று சொல்லி விற்க வேண்டாம். பீடி பிடிப்பவர் எந்தப் பொடிக்காகவும் காத்திருக்காமல், விடுவதற்கான முதல் அடியை இந்த வாரமே எடுத்து வைக்கட்டும்.